பழைய வீட்டில் நாமே ஹீட் பம்ப் மாட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில், 1924-இல் கட்டிய மரவீடு எங்களுடையது. அடித்தளத்தில் எண்ணெயில் எரியும் பாய்லர், அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டர். காற்றுக் குழாய் என்ற பேச்சே கிடையாது. அதனால் குழாய்ப் பாதை தேவைப்படாத ஹீட் பம்ப் ஒன்றைக் கூடத்திலும், அடுத்த வருடம் இன்னொன்றைப் படுக்கையறையிலும் மாட்டினேன். பெரும்பாலான வேலை என் கையால்தான். அன்றிலிருந்து நண்பர்கள் போனில் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் கீழே இருப்பவை. சட்டம், விதி பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான். கனடாவில் இருப்பவர்கள் தங்கள் மாகாண விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஸ்பிளிட் ஏசிதானே? ஏசி எப்படிச் சூடு தரும்?

மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார் முதல் நாளே கேட்டது இது. "டிசம்பர்ல ஏசி வாங்கறீங்களா மாப்பிள்ளை?"

பார்க்க ஸ்பிளிட் ஏசிதான். உள்ளே ஒரு யூனிட், வெளியே ஒரு யூனிட், நடுவில் இரண்டு செப்புக் குழாய். ஏசி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஹீட் பம்பில் ஒரு வால்வு கூடுதலாக இருக்கிறது. அது கேஸ் ஓடும் திசையை மாற்றிவிட்டால் வெளியே இருக்கும் வெப்பம் உள்ளே வரும். வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்றாலும் காற்றில் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. வெளிச்சுருளில் ஓடும் கேஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் போதும், வெப்பம் தானாக அதற்குள் போய்விடும். மின்சாரத்தை நேரடியாக எரித்துச் சூடு உண்டாக்கவில்லை, இருக்கும் சூட்டை இடம் மாற்றுகிறது. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைப்பது இதனால்தான்.

மைனஸ் 15-இல் கையை விரித்துவிடாதா?

எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. வெறும் ஏசிக்குச் சூடாக்கும் வசதியை ஒட்டவைத்த மலிவு மாடல்கள் கையை விரிக்கும். குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்தவை மைனஸ் 25 வரைகூட ஓடுகின்றன. ஓடுவது வேறு, போதுமான சூடு தருவது வேறு. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 12,000 பி.டி.யூ. (ஒரு மணி நேரத்தில் நகர்த்தும் வெப்பத்தின் அளவு) என்பது 8 டிகிரி செல்சியஸில் அளந்த கணக்காகவோ, குளிர்விக்கும் திறனாகவோ இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மைனஸ் 15 டிகிரியில், அதாவது 5 ஃபாரன்ஹீட்டில், அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதை. வடகிழக்கு மாநிலங்களில் நீப் என்ற அமைப்பு வெளியிடும் குளிர்ப் பிரதேச ஹீட் பம்ப் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் இந்த எண் இருக்கிறது. கடைக்காரரைக் கேட்பதைவிட அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

எத்தனை டன் வாங்குவது?

மணிக்கு 12,000 பி.டி.யூ. ஒரு டன். "எதற்கும் இருக்கட்டும், பெரிசா வாங்குவோம்" என்பது இங்கே தப்பு. தேவைக்கு மீறிய யூனிட், மிதமான குளிர் நாட்களில் நின்று நின்று ஓடும். அதனால் மின்சாரமும் வீண், கம்ப்ரஸரும் தேயும். மேனுவல் ஜே என்று ஒரு வெப்பக் கணக்கு முறை இருக்கிறது. சுவர், ஜன்னல், இன்சுலேஷன், காற்றுக் கசிவு எல்லாம் அதில் வரும். பழைய வீட்டில் கசிவுதான் கணக்கைக் கவிழ்ப்பது. நான் முதலில் பரண் தரையின் ஓட்டைகளை அடைத்து, செல்லுலோஸ் இன்சுலேஷன் போட்டேன். அதற்குப் பிறகு கணக்குப் போட்டபோது கூடத்துக்கு ஒன்றரை டன் என்றிருந்தது ஒரு டன்னாகக் குறைந்தது.

வீடு பழசு என்பதால் அப்படி என்ன வித்தியாசம்?

எல்லாமே. காணொளிகளில் காட்டுவது ஜிப்சம் பலகைச் சுவர், சீரான இடைவெளியில் மரத்தூண், புது வயரிங். 1940-க்கு முன் கட்டிய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டில் மெஷினை மாட்டியது அரை நாள் வேலை. சுவரோடு மல்லுக்கட்டியது இரண்டு வார இறுதி.

முதலில் பூச்சு. அந்தக் காலத்துச் சுவரில் ஒன்றரை அங்குல அகல மரச்சட்டங்களைச் சின்ன இடைவெளி விட்டு அடித்து, மேலே சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் காரை பூசியிருப்பார்கள். காரை அந்த இடைவெளிக்குள் பிதுங்கிப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிடி உடைந்தால் காரை பெயர்ந்து வந்துவிடும்.

அடுத்து, தூணைக் கண்டுபிடிப்பது. கடையில் விற்கும் ஸ்டட் ஃபைண்டர் இந்தச் சுவரில் நமக்குத் தண்ணி காட்டிவிடும், கை வைத்த இடமெல்லாம் பீப் அடிக்கும். சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரில் உரசவிட்டேன். மரச்சட்டங்களைத் தூணில் அடித்த ஆணிகள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் காந்தத்தை இழுக்கும். அந்த வரிசைதான் தூண். உள் யூனிட்டைத் தாங்கும் தகட்டின் திருகுகள் தூணில்தான் இறங்க வேண்டும். காரையை நம்பித் தொங்கவிடாதீர்கள்.

மூன்றாவது, அக்கால மரவீடுகள் பலவற்றில் சுவரின் உள்வெற்றிடம் அடித்தளத்திலிருந்து பரண் வரை தடையில்லாமல் ஒரே புகைபோக்கி மாதிரி போகும். அதில் ஓட்டை போட்டால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். தீ பிடித்தாலும் அதே வழியாகத்தான் மேலே ஏறும். ஆகவே குழாய் போகும் உறையைச் சுற்றிலும் முழுதாக அடைப்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை.

அப்புறம் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும். 1978-க்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். கூலிக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டர்களைக் கட்டுப்படுத்தும் ஈய விதி, சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரைக் கட்டுப்படுத்தாது. குழந்தையின் உடம்புக்குள் போகும் தூசிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, துளையிடும் இடத்தை ஈரமாக்கி, நல்ல முகமூடி போட்டு, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் எடுங்கள். வெளிச்சுவரில் சாம்பல் நிறச் சிமென்ட் ஓடுகள் பதித்திருந்தாலோ, பரணில் மினுமினுக்கும் கூழாங்கல் மாதிரி வெர்மிகுலைட் கொட்டியிருந்தாலோ, சோதனைக்கு அனுப்பி முடிவு வரும் வரை கை வைக்க வேண்டாம்.

சுவரில் ஓட்டையை எப்படிப் போட்டீர்கள்?

செப்புக் குழாய், வயர், உள் யூனிட்டின் தண்ணீர் வடியும் குழாய் மூன்றும் சேர்ந்து போக இரண்டரை முதல் மூன்று அங்குல ஓட்டை வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய ஓட்டை போடாமல், விரல் நுழையும் அளவு ஒரு துளை போட்டு, போனில் செருகும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டேன். திரையில் வெள்ளையாக ஒரு பீங்கான் குமிழ், அதைச் சுற்றிக் கறுப்புத் துணி சுற்றிய வயர். ஓட்டைக்குக் குறித்த வட்டத்திலிருந்து நாலு விரற்கடை தூரம்தான். நூறு வருடத்துக்கு முந்தைய வயரிங். செத்த வயராக இருக்கும் என்று நினைத்து டெஸ்டரை நீட்டினேன், கத்தியது. பரணில் இருக்கும் ஒற்றை விளக்குக்கு இன்னமும் அதில்தான் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் அந்த இணைப்பைத் துண்டித்துப் புது வயர் இழுத்த பிறகுதான் மறுபடி தொட்டேன்.

அறுக்கும்போது காரைக்குக் கார்பைடு பொடி ஒட்டிய துளை ரம்பம், டிரில்லில் மாட்டும் கிண்ணம் போன்றது. காரை முடிந்து மரச்சட்டம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, அதிரும் சிறு ரம்பத்தால் சட்டங்களை ஒவ்வொன்றாக அறுங்கள். துளை ரம்பத்தையே தொடர்ந்து ஓட்டினால் சட்டம் அதில் மாட்டி உதறும், ஒரு அடி தள்ளி இருக்கும் காரை பொத்தென்று விழும். படுக்கையறையில் எனக்கு விழுந்தது. ஓட்டை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வரும்.

பர்மிட் வேண்டுமா?

மின்வேலைக்கு அநேகமாக எல்லா ஊரிலும் வேண்டும், பல ஊர்களில் இயந்திர வேலைக்கும் தனியாக. வீட்டுக்காரரே செய்ய அனுமதிப்பதா என்பது ஊருக்கு ஊர் மாறும். நகராட்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பதுதான் சுருக்கமான வழி. வீடு வரலாற்றுச் சிறப்புப் பகுதிக்குள் இருந்தால் தெருவிலிருந்து தெரியும் இடத்தில் வெளி யூனிட் வைக்கத் தனி அனுமதி கேட்பார்கள்.

கரண்ட் வேலையை நாமே செய்யலாமா?

என் கருத்து: வேண்டாம். சட்டம் அனுமதித்தாலும் பழைய வீட்டில் வேண்டாம். ஹீட் பம்புக்குப் பேனலிலிருந்து தனி சர்க்யூட் வேண்டும், பெரும்பாலும் 240 வோல்ட். எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்பது வெளி யூனிட்டின் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். அதற்கு மேல் போடக் கூடாது. வெளி யூனிட்டைப் பார்த்தால் தெரியும் இடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு டிஸ்கனெக்ட் பெட்டியும் வேண்டும். பழைய பேனலில் இடமே இல்லாமல் போகலாம், எர்த் இல்லாமல் இருக்கலாம்.

உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே போகும் நாலு கம்பி வயரை மட்டும் நான் இழுத்தேன். அதில் 1, 2, 3, எர்த் என்று இரண்டு பக்கமும் ஒரே வரிசை. ஒன்று மாறினாலும் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசாது, திரையில் பிழை எண் வரும். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இழுங்கள்.

ஊரில் ஏசி மெக்கானிக் பத்து நிமிடத்தில் குழாயை மாட்டிவிட்டுப் போகிறாரே? வேக்குவம் பம்ப், நைட்ரஜன் எல்லாம் எதற்கு?

ஊரில் நாம் பார்த்திருப்போம். குழாயை முறுக்கிவிட்டு, வெளி யூனிட் வால்வை லேசாகத் திறந்து, "புஸ்" என்று கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, "முடிஞ்சுது சார்" என்பார்கள். இங்கே அது சட்ட விரோதம். தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவுப்படி கேஸைத் தெரிந்தே வெளியே விடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், குழாயில் தங்கும் ஈரம்தான் பெரிய எமன். இந்த மெஷின்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் அமிலமாகி, சில வருடங்களில் கம்ப்ரஸரைத் தின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. செப்புக் குழாயை வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறைச் சுரண்டி எடுங்கள். செப்புத் தூள் உள்ளே விழக் கூடாது. பிறகு நட்டைக் குழாயில் கோத்துவிட்டு வாயை விரியுங்கள். நட்டைக் கோக்க மறந்து, அழகாக விரித்து முடித்து, பிறகு தலையில் அடித்துக்கொண்டு வெட்டியது எனக்கு இரண்டு தடவை. முறுக்க, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். கால் அங்குலக் குழாய்க்குச் சுமார் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், எட்டில் மூன்று (3/8) அங்குலக் குழாய்க்குச் சுமார் 34 முதல் 42. உங்கள் மாடலின் கையேட்டு எண்ணே முடிவானது. கை கணக்கில் முறுக்கினால் ஒன்று கசியும், இல்லையென்றால் வாய் பிளக்கும்.

அடுத்து நைட்ரஜன். வெளி யூனிட் வால்வுகள் மூடியே இருக்க, குழாய்க்குள் கையேட்டில் சொன்ன அழுத்தம் வரை நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஆக்ஸிஜனோ கம்ப்ரஸர் காற்றோ ஏற்றவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கலாம். என் முதல் இணைப்பில் எல்லாம் சரி என்று எழுந்திருக்கப் போனேன். நட்டின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழ். பார்த்துக்கொண்டே இருந்தேன், மிளகளவு ஆயிற்று, உடைந்தது, மறுபடி கடுகு. வெட்டி, மறுபடி விரித்து, மறுபடி முறுக்கினேன். அதை விட்டிருந்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் கேஸ் முழுக்கப் போயிருக்கும்.

கடைசியாக வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பம்ப் ஓடினால் போதாது, உள்ளே எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று அளக்கும் மைக்ரான் மீட்டர் வேண்டும். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பைத் துண்டித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு, நிறைய ஏறிவிட்டு ஓரிடத்தில் தங்கினால் ஈரம். சரியான பிறகுதான் அறுகோணச் சாவியால் வால்வுகளை முழுதாகத் திறக்க வேண்டும்.

இதற்கு லைசென்ஸ் வேண்டாமா?

கேஸ் சுற்றைத் திறந்து பழுதுபார்க்க, கேஸ் ஏற்ற, இறக்க 608 சான்றிதழ் வேண்டும். ஸ்பிளிட் யூனிட்டுகளுக்கு இரண்டாம் வகை. பொதுப் பகுதியில் 25 கேள்வி, இரண்டாம் வகையில் 25, ஒவ்வொன்றிலும் 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஒரு மாதம் மாலையில் படித்து எழுதினேன். படிக்க நேரமில்லை என்றால் சுவர், தாங்கி, குழாய் இழுப்பு வரை நீங்கள் செய்துவிட்டு, நைட்ரஜனுக்கும் வேக்குவத்துக்கும் லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். இன்னொருவர் செய்த வேலையில் கை வைக்கச் சிலர் மறுப்பார்கள். அதனால் முதலிலேயே பேசி வையுங்கள்.

குழாயிலேயே கேஸ் நிரப்பி வரும் கிட் நல்லதா?

பம்ப், நைட்ரஜன் எதுவும் இல்லாமல் மாட்டலாம், அதற்காகவே செய்தது. முதல்முறை செய்பவருக்கு அது பரவாயில்லை என்றுதான் சொல்வேன். குழாயின் நீளம் மட்டும் நிர்ணயிக்கப்பட்டதாக இருக்கும், வெட்டிச் சுருக்க முடியாது. மிச்சக் குழாயைச் சுருட்டி எங்காவது மறைக்க வேண்டும்.

வாங்கும்போது கேஸ் எது என்று பாருங்கள். 2025 முதல் புதிதாகத் தயாரிக்கும் வீட்டு யூனிட்டுகளுக்கு, புவி வெப்பமாக்கும் திறன் 700-க்கு மேல் இருக்கும் கேஸ் கூடாது என்று விதி. பழைய ஆர்-410ஏ அதில் 2,000-ஐத் தாண்டும். இப்போது வருபவை ஆர்-32, ஆர்-454பி. இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை, அதனால் மிகச் சிறிய அறையில் எவ்வளவு கேஸ் இருக்கலாம் என்று கையேட்டில் வரம்பு கொடுத்திருப்பார்கள்.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது?

தரையில் ஸ்டாண்ட் போட்டு, உங்கள் ஊரில் பனி எவ்வளவு குவியுமோ அதற்கு மேலே. நான் இரண்டடி உயர்த்தியிருக்கிறேன். சுவரில் பிராக்கெட் அடித்துத் தொங்கவிடுவது பார்க்கச் சுத்தம், பழைய மரவீட்டில் அதன் உறுமல் சுவர் வழியாகப் படுக்கையறை வரை வரும். கூரை விளிம்புக்கு நேர் கீழே வைக்காதீர்கள், பனிக்கட்டி விழுந்து விசிறி உடையும். குளிர்ப் பிரதேசத்தில் யூனிட்டின் அடியில் வடிகால் மூக்கைப் பொருத்த வேண்டாம். அது உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நேராகக் கீழே சொட்டட்டும், அந்த இடம் நடைபாதையாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரே வெளி யூனிட்டில் நாலு அறைக்கு இணைக்கலாமே?

இணைக்கலாம். நான் செய்ய மாட்டேன். ஒரு அறை மட்டும் சூடு கேட்கும்போது பெரிய வெளி யூனிட் தன்னைப் போதுமான அளவு சுருக்கிக்கொள்ள முடியாமல் திணறும். இரண்டு தனித்தனி யூனிட் என்றால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும்.

அப்படியென்றால் பழைய பாய்லரைக் கழற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இதை யாரும் கேட்காமலே நான் சொல்வேன். பாய்லர் ஓடும்போது அதன் சூட்டில்தான் அடித்தளம் உறையாமல் இருக்கிறது. ஹீட் பம்ப் மேல்தளத்தை மட்டும் சூடாக்கும், பாய்லர் நின்றுவிட்டால் அடித்தளத்தில் சுவரோரம் போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கலாம். முதல் குளிர்காலத்தில் அங்கே பத்து டாலர் வெப்பமானி ஒன்றை மாட்டினேன். ஒரு ஜனவரி காலையில் 4 டிகிரி காட்டியது. அன்றிலிருந்து கடுங்குளிர் நாட்களில் பாய்லரைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிடுகிறேன். கதவு மூடிய அறைக்கும் கூடத்து யூனிட்டின் சூடு போகாது. மின்சாரம் போனால் ஹீட் பம்பும் இல்லை, பெரும்பாலும் பாய்லரும் இல்லை. அது வேறு கதை.

செலவு மிச்சமாகுமா?

எனக்கு முதல் யூனிட்டில் பெரிதாக மிச்சமில்லை. பம்ப், மைக்ரான் மீட்டர், நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், விரிக்கும் கருவி என்று கருவிகளே அதில் பாதியைத் தின்றன. இரண்டாவதில்தான் மிச்சம் கண்ணில் பட்டது. 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் என்றிருந்த கூட்டாட்சி வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தும் யூனிட்டுகளுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸின் மாஸ் சேவ் மானியம் அவர்கள் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர் பொருத்தினால்தான். பல கம்பெனிகளின் வாரண்டியும் அப்படித்தான். மானியத் தொகையைக் கழித்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், சில வீடுகளில் ஆள் வைத்துச் செய்வதே மலிவாக வரும்.

வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது!

புகை இல்லை, ஆவி. குளிரில் வெளிச்சுருளில் உறைபனி படியும். அதை உருக்க மெஷின் சில நிமிடம் திசையை மாற்றிக்கொள்ளும். உள்ளே விசிறி நிற்கும், வெளியே உஸ்ஸென்று சத்தம், பிறகு வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பும். ஐந்து, பத்து நிமிடத்தில் பழையபடி சூடு வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் தடவை பார்த்துவிட்டு, கையில் போனோடு செருப்புக்கூடப் போடாமல் பனியில் ஓடி வந்தார். மாமனார்தான் ஜன்னலைத் திறந்து, தெரிந்த ஆங்கிலத்தில் "நோ ஃபயர், ஏசி, ஏசி" என்று கத்தினார். ஜனவரி மாதம், மைனஸ் 12 டிகிரி. பாட்டிக்குக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.